ஆறு சில்லு வண்டியின் கியர்பொக்ஸ்: கழற்ற முதல் கொஞ்சம் யோசியுங்கோ

ஒன்ராறியோவில் ஏரிக்கரைக் கொட்டேஜ் பக்கம் போனால், தார்ப்பாய் போட்டு மூடின பழைய ஆறு சில்லு வண்டி ஒன்றை எங்கேயாவது காணலாம். பார்த்தால் குளிக்கிற தொட்டிக்கு ரயர் பூட்டின மாதிரி இருக்கும். சேற்றிலும் ஓடும், தண்ணியிலும் மிதக்கும். விற்பனை விளம்பரத்தில் பெரும்பாலும் இரண்டே விஷயம்தான் இருக்கும்: எஞ்சின் ஓடும், கியர்பொக்ஸ் போயிற்று. விலையும் மலிவு. பிள்ளைகள் போனைக் கொண்டுவந்து காட்டி "வாங்குவோம் அப்பா" என்று நிற்பார்கள்.

அந்த விளம்பரத்தை நம்பி வாங்கவும் வேண்டாம், நம்பிக் கைவிடவும் வேண்டாம். கியர்பொக்ஸ் போயிற்று என்று விற்கிற வண்டியில் கியர்பொக்ஸுக்கு ஒன்றுமே நடக்காமலும் இருக்கலாம். அது எப்படி என்று விளங்க, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேணும்.

இந்த வகை வண்டி கனடாவில்தான் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் ஜிகர் என்ற சிறிய வண்டி வந்தது. 1967இல் நியூ ஹாம்பர்க் ஊரின் ஒன்ராறியோ டிரைவ் அண்ட் கியர் நிறுவனம் ஆர்கோவைக் கொண்டுவந்தது. பெயரிலேயே இருக்கிறது, அவர்கள் கியர் செய்கிற ஆட்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் மாக்ஸ் வண்டி. மாக்ஸுக்குள் இருக்கிற டி-20 கியர்பொக்ஸ் வேறு சாதி, அதில் பிளானட்டரி கியரும் பட்டைகளும்தான் வேலை செய்யும். நான் இங்கே சொல்வது ஆர்கோ மாதிரி டிஃபரன்ஷியல் உள்ள பழைய வண்டிகளைப் பற்றி.

இதில் முன் சில்லு திரும்பாது. எஞ்சினின் சுழற்சி பெல்ட் வழியாகக் கியர்பொக்ஸுக்கு வரும். கியர்பொக்ஸுக்குள் இருக்கிற டிஃபரன்ஷியல் அதை இடது, வலது என்று பிரித்துக் கொடுக்கும். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமும் மூன்று சில்லுகள், எல்லாம் செயினால் கட்டினது. இடது லீவரை இழுத்தால் இடது பக்கத் தண்டை பிரேக் பிடித்து நிறுத்தும். டிஃபரன்ஷியலின் குணம் என்னவென்றால், ஒரு பக்கம் நின்றால் மற்றப் பக்கம் இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். வண்டி இடது பக்கம் திரும்பும். இரண்டு லீவரையும் இழுத்தால் வண்டி நிற்கும். அதாவது ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒன்றுதான். ஒன்று போனால் இரண்டும் போச்சு.

வன்னியில் லாண்ட்மாஸ்டர் ஓட்டினவர்களுக்கு இதை அரை நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். அதிலும் இரண்டு கைபிடியிலும் ஒவ்வொரு லீவர். இடதை அமத்தினால் இடது சில்லுக்குச் சக்தி போகாது, வலது சில்லு தள்ளித் திருப்பும். இறக்கத்தில் அதே லீவர் எதிர்ப்பக்கம் திருப்பும் என்பதையும் அவர்கள் சொல்லித் தருவார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: லாண்ட்மாஸ்டர் சக்தியை வெட்டும், ஆர்கோ பிரேக் பிடிக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பப்பா இருந்தால் கராஜில் அவருக்கு ஒரு கதிரை போடுங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல், இரண்டு சொட்டு பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டின தலைமுறை அது. இங்கே பலருடைய அந்த அறிவு பனி தள்ளுகிற மெஷினோடு நின்றுபோய்விட்டது.

இனி சோதனைக்கு வருவோம். ஒரு பக்கத்தில் கியர்பொக்ஸிலிருந்து வருகிற முதல் செயின் அறுந்தால் என்ன நடக்கும்? டிஃபரன்ஷியல் சுமை இல்லாத பக்கத்துக்கே சுழற்சி முழுவதையும் கொடுத்துவிடும். மற்றப் பக்கச் செயின்கள் நல்லாக இருந்தாலும் வண்டி அசையாது, எஞ்சின் மட்டும் கத்தும். பார்க்கிறவர் கியர்பொக்ஸ் போட்டுது என்பார். அந்த நேரம் செயின் அறுந்த பக்கத்து லீவரை இழுத்துப் பாருங்கள். அந்தப் பக்கத் தண்டு நிற்க, சக்தி மறுபக்கம் போய் வண்டி கோணலாகவாவது நகர்ந்தால், உங்களுக்குத் தேவையானது ஒரு செயின் மட்டும்தான். சொஃப்ட்வெயரில் பிழை தேடுகிறதும் இப்படித்தான்: முழுவதையும் பிரிக்க முதல், பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்ப்பது.

எஞ்சின் ஓடாத வண்டி என்றால் கையாலேயே பார்க்கலாம். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, ஆறு சில்லும் நிலத்தில் படாமல் வண்டியை உறுதியான தாங்கிகளில் ஏற்றி, பெல்ட்டையும் எடுத்துவிடுங்கள். கியரில் போட்டு, கியர்பொக்ஸ் பக்கத்துப் புலியை ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் இடது சில்லை உருட்ட வேணும். வலது சில்லு எதிர்த்திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியலும் இரண்டு பக்கச் செயின்களும் வேலை செய்கின்றன. பத்து வயதுப் பிள்ளையை மறுபக்கம் நிற்க விட்டு "என்ன நடக்குது?" என்று கேளுங்கள். "மற்றப் பக்கம் சுத்துது!" என்று கத்துகிற பிள்ளைக்கு டிஃபரன்ஷியல் என்றால் என்னவென்று படம் கீறிக் காட்டத் தேவையில்லை. ஆனால் செயின் இருக்கிற இடத்துக்குச் சின்ன விரல் போகக்கூடாது, எஞ்சின் நின்றிருந்தாலும் சரி.

பெல்ட்டையும் பாருங்கள். தேய்ந்து ஒடுங்கின பெல்ட் வழுக்கும், அதையும் கியர்பொக்ஸின் தலையில்தான் கட்டுவார்கள்.

உண்மையாகவே கியர்பொக்ஸ் பழுது என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று தண்ணீர். மிதக்கிற வண்டியின் அடித்தளத்துக்குள் தண்ணீர் தேங்கும், தேய்ந்த சீல் வழியாக உள்ளே போகும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் இதுதான் கதை. ஒரு மழைகாலம் அப்படியே விட்டால் பேரிங் கறள் பிடிக்கும். மற்றது ஓட்டுகிற முறை. எஞ்சின் சும்மா நிற்கும்போதே வேகம் கூடவாக இருந்தால் பெல்ட் கியர்பொக்ஸைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் கியர் மாற்றினால் கொறகொற என்று அரைபட்டு, பல்லின் விளிம்பு உருண்டுவிடும். பிறகு ஏற்றத்தில் கியர் தானாகக் கழன்று விழும்.

கழற்றுவது கஷ்டமில்லை, அலுப்பு. சீற், அடிப்பலகை, செயின், பிரேக் எல்லாம் எடுத்த பிறகுதான் பெட்டி வெளியே வரும். தூக்க இரண்டு பேர் வேணும். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். உள்ளே இருக்கிற தட்டையான வளையங்கள் எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதி வையுங்கள், அதுதான் கியர்களின் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. ஒயிலைப் பழைய வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுங்குகிற தூள் வயதின் அடையாளம், துண்டு துண்டாக உலோகம் வந்தால் பல் உடைந்திருக்கிறது.

பேரிங்குக்காக வண்டிக் கொம்பனியைத் தேடி அலைய வேண்டியதில்லை. விளிம்பில் பொறித்த இலக்கம் பெரும்பாலும் பொது அளவாகவே இருக்கும். உதாரணமாக 6205 என்றால் உள் விட்டம் 25 மில்லிமீற்றர், வெளி விட்டம் 52, அகலம் 15. எந்தப் பேரிங் கடையிலும் வாங்கலாம். சீலும் அப்படித்தான். பெட்டி வெளியே இருக்கும்போது எல்லாச் சீலையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுவது கஞ்சத்தனம். பக்கத் தண்டின் சீல் ஒழுகினால் ஒயில் பிரேக்கில் படும், அந்தப் பக்கம் வண்டி திரும்பாது, நிற்கவும் நிற்காது. பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி இது. உடைந்த கியர் பல்லைக் கராஜில் ஒட்டவைக்கப் பார்க்க வேண்டாம், மாற்றுக் கியர் கிடைக்காவிட்டால் வண்டியை உதிரிப்பாகத்துக்கு விற்பதுதான் புத்தி.

திரும்பப் பூட்டின பிறகு முதல் ஓட்டம் புல்லில். தார் ரோட்டில் கூர்மையாகத் திருப்பினால் ஆறு ரயரும் பக்கவாட்டில் உராய, பாரம் முழுவதும் செயினிலும் புது பேரிங்கிலும் விழும். அரை மணி நேரம் ஓட்டி, ஒயிலைத் திரும்பப் பாருங்கள்.

ஏரி கடைசி. அடித்தளத்து வடிகால் மூடிகள் இறுகியிருக்க வேணும், எல்லாருக்கும் உயிர்காப்பு ஜாக்கெட், உள்ளே இரண்டு துடுப்பு. தண்ணியில் ரயரின் பூக்கள்தான் துடுப்பு மாதிரித் தள்ளும், வேகம் ஆள் நடக்கிற அளவுதான். நடு ஏரியில் செயின் அறுந்தால் காற்று போகிற பக்கம்தான் நீங்களும் போவீர்கள். முதல் நாள் இடுப்பளவு தண்ணியில், கரையோரமாக, பெரியவர் மட்டும் ஏறி ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகள் கரையில் நின்று நல்லாகச் சத்தம் போடட்டும்.