நடையை விட்டு முறையைப் பார்த்தல்

எழுதத் தொடங்கும் எவரும் முதலில் தமக்குப் பிடித்தவரைப் போலத்தான் எழுதுவர். வெரிபீயில் இருந்தபடி நான் எழுதிய முதற் கதைகளில் சுந்தர ராமசாமியின் கிண்டல் இருந்தது. வெரிபீ இருக்கவில்லை.

அவர் தாம் எப்படிக் கற்றார்? 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலரைக் கொண்டுவந்த அளவுக்குப் புதுமைப்பித்தனில் ஈடுபாடு உள்ளவர். ஆயினும் தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' இரண்டையும் மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்த பின்னரே அவரது முதல் நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் நூலாயிற்று. வாசகன் தாண்டிப்போகும் வாக்கியத்திலும் மொழிபெயர்ப்பாளன் நின்றாக வேண்டும். அதைவிட நெருக்கமான வாசிப்பு இல்லை.

வேற்றுமொழி அறியாதவர்களுக்கு பெஞ்சமின் பிராங்க்ளின் சுயசரிதையில் சொல்லும் வழி உண்டு. பிடித்த கட்டுரையைக் குறிப்புகளாகச் சுருக்கி, சில நாட்கள் கழித்து அக்குறிப்புகளிலிருந்து தம் சொற்களில் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டார். கதைக்கும் இது பொருந்தும்.

நான் புளியமரத்தின் தொடக்கப் பகுதிகளை அப்படி எழுதிப் பார்த்தேன். என் பிரதியில் ஊர் வரலாற்றை நானே சொல்லியிருந்தேன். மூலத்திலோ அதைத் தாமோதர ஆசான் சொல்கிறார், இளைஞர்கள் சுற்றியிருந்து கேட்கிறார்கள். ஆசான் கூட்டியும் சொல்லலாம், மறைத்தும் சொல்லலாம். அதனால் வரலாறு வதந்தியின் சுவையைப் பெறுகிறது. பல தடவை வாசித்தும் இது என் கண்ணில் படவில்லை. கிண்டலை ரசிப்பதிலேயே இருந்துவிட்டேன் (அது ஒன்றும் குற்றமல்ல!).

மெல்பேர்ண் நகரின் கழிவுநீர் 1897 முதல் வெரிபீப் பண்ணைக்கு வருகிறது. இன்று பறவை பார்ப்பவர்கள் தேடிவரும் இடம். பண்ணைத் தொழிலாளருக்கென கொகரொக் என்றொரு குடியிருப்பு, பாடசாலைகளும் நீச்சல் குளமுமாக இருந்து, 1970களில் ஆளின்றிப் போயிற்று. 'தோட்டியின் மகன்' காட்டும் ஆலப்புழைத் தோட்டிகளுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. இதை எழுத முயன்றபோது எனக்கு வந்தது ஒரு தகவல் பத்திதான்.

அந்தப் பத்தியை அழித்துவிட்டேன். இப்போது கொகரொக்கில் பிறந்த ஒரு கிழவர் வேலியோரம் நின்று, பாதி ஆங்கிலம் மட்டும் விளங்கும் தமிழ் அயலவரிடம் பேசுகிறார். விளங்காத பாதியை அந்த அயலவர் தன் ஊரைக்கொண்டு நிரப்பிக்கொள்கிறார். இரண்டு பக்கம் வந்திருக்கிறது.