‘இந்த வருஷம் யாரெல்லாம் இறந்தார்கள்?’: ஐயரும் ஐயரம்மாவும், பாதி எழுதப்பட்ட ஒரு பட்டியலும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

தரங்கம்பாடி எபிசோடைக் கேட்டுவிட்டு உங்களில் சிலர் அனுப்பிய கேள்வியிலிருந்தே இன்றைக்குத் தொடங்கலாம். “சீகன்பால்கு பற்றி இவ்வளவு சொன்னீங்க, அவர் மனைவி என்ன ஆனாங்க?” நல்ல கேள்வி. அந்த ஒரு மனைவியைப் பற்றி மட்டும் பதில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பின்னால் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒருவர் இறந்த பிறகு அவர் வாழ்க்கையை யார் எழுதி வைக்கிறார்கள்? யாருடைய பெயர் அதில் வருகிறது, யாருடையது வருவதில்லை?

இந்தக் கேள்விக்கு ஒரு நடைமுறையையே உருவாக்கி, இருநூறு வருஷத்துக்கு மேல் விடாமல் செய்துவருகிற ஒரு கூட்டம் இருக்கிறது: மெதடிஸ்ட் திருச்சபை. நம்ம டெல்டாவுக்கும் அவர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கேள்வி-பதில் வடிவில் ஒரு மாநாடு

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தன் போதகர்களை வருஷத்துக்கு ஒரு முறை கூட்டிப் பேசுவார். அந்த மாநாட்டின் குறிப்புகள் கேள்வி-பதிலாகவே எழுதப்பட்டன. புதிதாக யாரைச் சேர்க்கிறோம்? யாரை எந்த ஊருக்கு அனுப்புகிறோம்? 1770களின் பிற்பகுதியிலிருந்து இன்னொரு கேள்வியும் அந்த வரிசையில் நிலையாக வந்து சேர்ந்தது: இந்த வருஷம் யாரெல்லாம் இறந்தார்கள்? பதிலாக ஒவ்வொரு பெயருக்கும் கீழே சில வரிகள். வெஸ்லி காலத்தில் அவை ரொம்பச் சுருக்கம், நம்ம கமிட் மெசேஜ் மாதிரி. எப்படிப்பட்ட ஆள், எப்படி உழைத்தார், எப்படி இறந்தார் என்பதோடு சரி. போகப்போக அவை ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று வளர்ந்தன. பிரிட்டனில் இறந்த போதகர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் இன்றும் மாநாட்டு ஏட்டில் அச்சாகின்றன. அமெரிக்காவில் ஆண்டு மாநாட்டில் இதற்கென்றே நினைவு ஆராதனை நடக்கிறது. அங்கே போதகர்களோடு அவர்களின் துணைவர்களின் பெயர்களும் வாசிக்கப்படுகின்றன.

எல்லா சபையிலும் இறந்தவர்களுக்கு மரியாதை உண்டுதானே, இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். விசேஷம், அந்தப் போதகர்கள் வேலை செய்த விதத்தில் இருக்கிறது.

மெதடிஸ்ட் போதகர் ஓர் ஊரில் நிரந்தரமாக இருக்க மாட்டார். 1784-ல் வெஸ்லி பதிவு செய்த சட்ட ஆவணம், ஒரு போதகரைத் தொடர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று வரம்பே போட்டது. அதாவது, நாற்பது வருஷம் ஊழியம் செய்த ஒருவர் பதினைந்து ஊரில் வாழ்ந்திருப்பார். முதல் ஊர்க்காரர்களுக்கு அவரை இளைஞனாகத் தெரியும், கடைசி ஊர்க்காரர்களுக்குக் கிழவராகத் தெரியும். முழு வாழ்க்கையையும் பார்த்த ஊர் என்று ஒன்றுமே கிடையாது. சொந்த ஊர் கல்லறைத் தோட்டத்தில் படுக்கிற வாய்ப்பும் குறைவு.

அதனால்தான் மாநாடே அவருக்கு ஊர் ஆயிற்று. எந்த வருஷம் எங்கே இருந்தார் என்ற பதிவு முழுசாக அதனிடம்தான் இருந்தது. அதனாலேயே பழைய நினைவுக் குறிப்புகளில் பாதி இடத்தை ஊர்ப்பெயர்களே பிடித்துக்கொள்ளும். வாசிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல்தான் சிதறிக் கிடந்த வாழ்க்கையை ஒரு கோட்டில் கட்டுகிறது.

ஐயரம்மா

சரி, மனைவி எங்கே?

பதினைந்து ஊர் மாறியவர் தனியாக மாறவில்லை. பதினைந்து முறை பாத்திரம் பண்டங்களைக் கட்டியவரும், பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்தவரும் பெரும்பாலும் அவர் மனைவிதான். நம்மூர் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் இதே கதை. போதகருக்கு ‘மாற்றல்’ வந்தால் குடும்பம் மொத்தமும் குருமனையைக் காலி செய்து அடுத்த சேகரத்துக்குப் போக வேண்டும். அங்கே பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு, துக்க வீட்டுக்குப் போய் உட்கார்வது என்று எல்லாம் அவரிடம் எதிர்பார்க்கப்படும். சம்பளம் ஒருவருக்குத்தான், வேலை இரண்டு பேருக்கு.

அவரை எப்படிக் கூப்பிடுகிறோம் பாருங்க: ஐயரம்மா, பாஸ்டரம்மா. மரியாதையான சொற்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் அவர் பெயர் இல்லை. சேகரத்தில் அஞ்சு வருஷம் பழகியவர்களிடம் கேட்டாலும், “ஐயரம்மான்னுதான் கூப்பிடுவோம், பேரு ஞாபகம் வரலையே” என்பார்கள்.

இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்ட் மிஷனரிக் குழுவே இதற்குச் சரியான உதாரணம். தாமஸ் கோக் என்ற மூத்த தலைவர் 1813 டிசம்பர் கடைசியில் ஒரு சிறு குழுவோடு இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினார். 1814 மே 3-ம் தேதி இந்தியப் பெருங்கடலில், கப்பலிலேயே இறந்துபோனார். அவருடைய பெயரை உலகம் முழுக்க மெதடிஸ்டுகளுக்குத் தெரியும். அதே பயணத்தில் அவருக்கு முன்பே இன்னொருவரும் இறந்திருந்தார். வில்லியம் ஆல்ட் என்ற இளம் மிஷனரியின் மனைவி அவர். உடலைக் கடலில்தான் இறக்கினார்கள். பல புத்தகங்களில் அவர் ‘மிஸஸ் ஆல்ட்’ மட்டும்தான்.

மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்த ஆல்ட், 1814-ல் மட்டக்களப்புக்குப் போய்ப் பள்ளிகளைத் தொடங்கினார். அங்கே ஒரு வருஷம்கூட முடியவில்லை, 1815 ஏப்ரலில் அவரும் இறந்துவிட்டார். அவர் போட்ட அடித்தளத்தில் வளர்ந்த மெதடிஸ்ட் மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது. அவருக்குப் பள்ளி நினைவாக நிற்கிறது. அவளுக்கு ஓர் அடைமொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதே குழுவைச் சேர்ந்த வில்லியம் ஹார்வர்ட் வேறு மாதிரி செய்தார். இலங்கையில் தன்னோடு உழைத்த மனைவி எலிசபெத் இறந்த பிறகு, 1820களில் அவருடைய வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். ஒரு வருஷத்துக்குள் பயணம் தொடங்கிய இரண்டு மனைவிகளில் ஒருவரைப் பற்றி நமக்கு ஒரு புத்தகம் அளவுக்குத் தெரியும், இன்னொருவரைப் பற்றி ஒரு வரி. வித்தியாசம் இவ்வளவுதான்: எழுத ஒருவர் உயிரோடு இருந்தாரா, எழுத வேண்டும் என்று நினைத்தாரா.

தரங்கம்பாடிக் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சீகன்பால்கு மெதடிஸ்ட் இல்லை, லுத்தரன். மெதடிஸ்ட் இயக்கம் பிறப்பதற்கு முன்பே, 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். இடையில் ஐரோப்பா போனபோது, 1716-ல் மரியா டொரோதியா சால்ட்ஸ்மன் என்ற பெண்ணை மணந்து இங்கே அழைத்து வந்தார். 1718-ல் புது எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. 1719 பிப்ரவரி 23-ம் தேதி சீகன்பால்கு இறந்தார், வயது 36. கல்யாணமாகி மூன்று வருஷம்தான். அவர் கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியே தெருவில் சிலையும் இருக்கிறது. மரியா டொரோதியாவின் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொரு பக்கம் தஞ்சாவூர். திருமணமே செய்துகொள்ளாத ஸ்வார்ட்ஸ் ஐயர் 1798-ல் இறந்தபோது, மன்னர் சரபோஜி லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்கு நினைவுச் சின்னம் செய்யச் சொன்னார். கல்வெட்டுக்கு ஆங்கிலத்தில் கவிதையும் தானே எழுதினார். ராஜாவே எழுதுகிற அளவுக்கு அன்பு. ஆனால் எல்லோருக்கும் ராஜா கிடைக்க மாட்டார் இல்லையா? அதனால்தான் மாநாட்டுக் கேள்வி மாதிரியான ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. பிரபலமானவரோ இல்லையோ, இறந்தவர் எல்லோருடைய பெயரும் அதில் வந்தாக வேண்டும்.

மெதடிஸ்டுகள் நம்ம டெல்டாவுக்கு 1820களில் நாகப்பட்டினம் வழியாக வந்தார்கள். மன்னார்குடி பக்கம் போனால் ஃபின்லே பள்ளி இருக்கிறதே, அது அவர்களுடைய தடம்தான். 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென்னிந்தியாவின் அந்த மெதடிஸ்ட் பகுதியும் அதில் கலந்துவிட்டது. ஒன்றாகச் சேர்ந்தது நல்ல விஷயம். ஆனால் ஓர் அமைப்பு இன்னோர் அமைப்பில் கலக்கும்போது என்ன நடக்கும் என்று நம்ம ஃபீல்டில் டேட்டா மைக்ரேஷன் செய்தவர்களைக் கேளுங்க. பழைய வெஸ்லியன் மிஷன் ஆவணங்கள் இப்போது லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடி மிஷனின் கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கின்றன. மயிலாடுதுறைப் பேரப்பிள்ளை தன் முன்னோரைத் தேட விசா எடுக்க வேண்டிய நிலைமை.

நினைவு மட்டும் இல்லை, பொறுப்பும்தான்

இதை வெறும் சென்டிமென்டாகப் பார்க்காதீர்கள். போதகர் இறந்தால் குடும்பம் முதலில் இழப்பது வீட்டை. குருமனை சபைக்குச் சொந்தம், அடுத்த போதகர் வரப்போகிறார். துக்கம் ஆறுவதற்குள் மூட்டை கட்ட வேண்டும். சொந்தமாக மனை வாங்க எந்த ஊரிலும் நிலைத்து இருந்ததில்லை.

இந்தப் பிரச்சினையை மெதடிஸ்டுகள் சீக்கிரமே கவனித்தார்கள். வயதான, நோயுற்ற போதகர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாக 1763-லேயே ஒரு நிதியைத் தொடங்கினார்கள். அமெரிக்க மெதடிஸ்டுகள் 1796-ல் அதே மாதிரி ஒன்றை ஏற்படுத்தினார்கள், விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. என் பார்வையில் நினைவுக் குறிப்பும் இந்த நிதியும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். ஏட்டில் பெயர் இருந்தால்தான் அவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி வரும். பெயரே இல்லாதவருக்கு யாரும் கடன்பட்டிருப்பதாக உணர மாட்டார்கள்.

துணைவர்களைச் சேர்ப்பதில் இன்னொரு மாற்றமும் உண்டு. அமெரிக்க மெதடிஸ்ட் திருச்சபை 1956-ல் பெண்களுக்குப் போதகர்களாக முழு உரிமை கொடுத்தது, பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் 1974-ல் பெண்களை குருப்பட்டத்துக்கு ஏற்றார்கள். இப்போது ஆண்களும் ‘துணைவர்’ வரிசையில் வருகிறார்கள். போதகரின் கணவர் என்று ஒருவரைக் குறிப்பிடும்போதுதான், “அவருக்குச் சொந்தமாக ஒரு வேலை, ஒரு பெயர் இருக்குமே” என்று நமக்குத் தோன்றுகிறது. மனைவிகளைப் பற்றியும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும்.

திருக்கடையூரில் ஏற்கெனவே தெரிந்த விஷயம்

தரங்கம்பாடியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனையே உதைத்த தலம். அறுபதாம் கல்யாணம், எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று தினமும் தம்பதிகள் மாலையும் கழுத்துமாக வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சடங்கைக் கவனித்திருக்கிறீர்களா? வயது அறுபது ஆனது அவருக்கு. ஆனால் கலசத் தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் ஊற்றப்படும். சங்கல்பத்தில் அவர் பெயரும் நட்சத்திரமும், கூடவே அந்த அம்மாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்படும். நீண்ட வாழ்க்கை என்பது இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் என்று அந்த ஊர் ரொம்ப காலமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

மெதடிஸ்ட் மாநாடு இறந்தவர்களுக்குச் செய்ய முயல்வதைத் திருக்கடையூர் உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்கிறது. மதம் வேறு, சடங்கு வேறு. இரண்டுமே சத்தமாக, சாட்சிகளுக்கு முன்னால் பெயர் சொல்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் போதகர் யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாற்றலாகிக்கொண்டே இருந்த வாத்தியார், ரயில்வே ஊழியர், போலீஸ்காரர், பேங்க் ஆபீசர் யாராவது இருப்பார்கள். கூடவே மாறிய ஒரு பாட்டியும் இருப்பார். பழைய பத்திரங்களில் அவர் ‘க/பெ’ போட்டுக் கணவர் பெயரோடுதான் நிற்பார். அந்தக் குறிப்புகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஐந்து கேள்விகள் இவை:

1. பிறந்த ஊர் எது? கல்யாணத்துக்கு முன் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?
2. எந்த வருஷம் எந்த ஊரில் இருந்தார்? வரிசையாக எழுதுங்கள், அலுப்பாக இருந்தாலும் பரவாயில்லை.
3. சம்பளம் இல்லாமல் என்னென்ன வேலை செய்தார்?
4. எதை விட்டுக்கொடுத்தார்? படிப்பா, வேலையா, பாட்டா?
5. எங்கே, எப்போது இறந்தார்? அடக்கம் அல்லது தகனம் எங்கே?

அரைப் பக்கம் போதும். தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்குத் தனியாக ஒன்று. பாட்டி குறிப்பை ‘அவருடைய மனைவி’ என்று தொடங்காதீர்கள், பெயரில் தொடங்குங்கள். எழுதியதை வீட்டில் நான்கு பேருக்கு அனுப்பி வையுங்கள், ஒரு போன் தொலைந்தால் கூடவே தொலையாமல் இருக்கட்டும்.

ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லக்கூடிய பெரியம்மாவோ சித்தப்பாவோ இப்போது உங்களோடு இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.