மெம்பர் போனார், கவுன்சிலர் வந்தார்: சிட்லபாக்கம் கதை

சிட்லபாக்கத்தில் யாரையாவது நிறுத்தி வார்டு எண் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் தயங்குவார்கள். நகர் பெயரைக் கேட்டால் பட்டென்று வரும். கூடவே, ஏரிக்கு எந்தப் பக்கம், மழைக்கு எத்தனை படி முழுகும் என்பதும் கேட்காமலே வந்துவிடும். குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் கிழக்கே, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். பணி ஓய்வு பெற்றவர்களின் தனி வீடுகள் ஒருபுறம், அவற்றை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகள் மறுபுறம். 'நம்ம வார்டு' என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதப் போனால் வார்டைவிட ஏரியே பெரிதாக நிற்கிறது.

ஆனாலும் வார்டிலிருந்தே தொடங்குவோம். பேரூராட்சிக் காலத்தில் இங்கே கவுன்சிலர் என்று யாரும் சொன்னதில்லை, மெம்பர்தான். "என்ன மெம்பர், லைட்டு எரியல" என்று பால் வாங்கப் போகும்போதே வழிமறித்துக் கேட்கலாம். சுமார் இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் என்கிற கணக்கில் இருந்ததால் அவருக்கும் தெரு தெரியும், தெருவுக்கும் அவரைத் தெரியும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மொத்தம் 70 வார்டுகள். பழைய தாம்பரம் நகராட்சிக்கு மட்டும் 39 வார்டுகள், பல்லாவரத்துக்கு 42. அந்த இரண்டையும் கூட்டினாலே 81. பத்து ஊர்கள் சேர்ந்த பிறகு, இரண்டு ஊர்களில் இருந்ததைவிடக் குறைவான மக்கள் பிரதிநிதிகள்! 2011 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தாலே வார்டுக்குப் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். அதற்குப் பிறகு முளைத்த அடுக்குமாடிகளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாநகராட்சி என்றால் நிதி வரும், பெரிய இயந்திரங்கள் வரும், பொறியாளர்கள் வருவார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரியும் வந்தது. 600 சதுர அடிக்குள் அடங்கும் வீட்டுக்கே 25 சதவீத உயர்வு. அது மாநிலம் முழுக்க ஏறிய வரிதான். ஆனால் மாநகராட்சி பிறந்து ஆறு மாதத்துக்குள் ஏறியதால், இங்கே இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தே பேசுகிறார்கள்.

மெம்பர் போனதற்கும் கவுன்சிலர் வந்ததற்கும் இடையில் ஒரு வேடிக்கையான காலம் இருந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறங்களில் அடுத்த வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மெம்பரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அதிகாரிகள் மட்டும். சிட்லபாக்கம் தன் பேரை ஊரறியச் செய்தது அந்த ஆண்டுகளில்தான்.

2019 கோடையை நினைவிருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டிய கோடை. சிட்லபாக்கம் ஏரியும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு காலத்தில் 80 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி, ஆக்கிரமிப்பில் சுருங்கி 50 ஏக்கரைக்கூடத் தொடாத நிலை. கரையோரம் குப்பைமேடு. அந்த ஏரிக்குள் மண்வெட்டியோடு இறங்கினார்கள் இந்த ஊர்க்காரர்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள், மென்பொருள் வேலைக்குப் போகிற பிள்ளைகள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்ட அம்மாக்கள் என்று நூற்றுக்கணக்கில் வந்து தூர் வாரினார்கள். கையால் அள்ளிய மண் எத்தனை கன அடி என்பதா முக்கியம்? அந்தப் படங்கள் செய்தியில் வந்தன. ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. தூர் எடுத்து, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டார்கள். கேட்பதற்குப் பிரதிநிதி இல்லாத ஊர், தானே கேட்கக் கற்றுக்கொண்டது. கவுன்சிலர் வந்த பிறகு அந்தச் சுறுசுறுப்பில் பாதி, அவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதிலேயே கழிகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனி என் கவலைக்கு வருகிறேன். ஏரி நிரம்புகிறது, நல்லது. எதனால் நிரம்புகிறது?

இங்கே வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான் பல காலமாக வழக்கம். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், ஒரு குடும்பம் இருந்தவரை அது ஓடியது. தொட்டியில் தெளிந்த நீர் உறிஞ்சுகுழியில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். அதே கிரவுண்டில் எட்டு வீடு கட்டினால் தொட்டி சில வாரங்களிலேயே வாயைத் திறக்கும். மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். ஏரி நிறைந்தால் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் மேலே வரும். போர்வெல்லுக்குக் கொண்டாட்டம். ஆனால் உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண் ஏற்கெனவே ஊறிப் போயிருப்பதால் அது எதையும் உறிஞ்சாது. கழிவறையில் ஊற்றிய தண்ணீர் அங்கேயே நிற்கும். எந்த ஏரியை ஊர் கூடி மீட்டதோ, அது நிறைகிற மாதத்தில்தான் ஊருக்கே கழிவறை மக்கர் செய்கிறது.

அடுத்து என்ன? கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டும். மழையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் லாரிக்காரர் சொன்னதுதான் விலை. கையில் காசு இருக்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள். மற்றவர்கள் செய்வது ஒன்றும் ரகசியம் இல்லை. ஒரு குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிட்டால் தீர்ந்தது. காசு இருந்தும் சொருகுகிற அடுக்குமாடிகள் உண்டு. அந்த வடிகால் எங்கே போகிறது? ஏரிக்கு.

ஏரியோடும் முடிவதில்லை. சிட்லபாக்கத்தின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்று நாம் பெருமைப்பட்ட அதே சதுப்பு நிலம். இங்கே ஒரு மாடிக் குடியிருப்பு சொருகிய குழாயின் மறுமுனை அங்கே இருக்கிறது.

இதைக் கவுன்சிலரிடம் கேட்டால் என்ன சொல்ல முடியும்? வடிகால் மாநகராட்சியுடையது, ஏரி வேறொரு துறையுடையது, பெரிய சாலை இன்னொரு துறையுடையது, உபரி நீர் போகிற கால்வாய் அவர் வார்டிலேயே இல்லை. தெரு விளக்குக்கும் குப்பை வண்டிக்கும் அவரைக் குடையலாம். தண்ணீர் விஷயத்தில் அவரும் நம்மைப் போல மனு எழுதுகிறவர்தான். ஏரிக்கரையை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு, பட்டா உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், சொல்ல வேறு கதை இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் போதாது.

ஒரு வழி மட்டும் புதிதாகத் திறந்திருக்கிறது. கிராம சபை போல நகரங்களுக்கும் பகுதி சபை என்று 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கினார்கள். முதல்வர் கலந்துகொண்ட கூட்டம் இதே மாநகராட்சியில், பம்மலில் நடந்தது. ஆண்டுக்குச் சில முறை கூட வேண்டும், கவுன்சிலர் தலைமை தாங்குவார். பகுதிப் பிரதிநிதிகள் தேர்தலில் வருகிறவர்கள் அல்லர், நியமனம்தான். அது குறைதான். என்றாலும் பேசியதைப் பதிவு செய்கிற கூட்டம்.

அடுத்த முறை நோட்டீஸ் ஒட்டும்போது நாய்த் தொல்லையையும் வேகத்தடையையும் முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பிறகு இரண்டு பட்டியல்களைக் கேளுங்கள். வார்டில் எந்தெந்த மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாய் சேர்ந்திருக்கிறது என்பது ஒன்று. பாதாளச் சாக்கடை எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு என்பது இன்னொன்று. முதல் பட்டியலில் உங்கள் குடியிருப்பின் பெயரும் இருக்கலாம், தயாராகப் போங்கள்.