தரைக்கு அடியில் ஓடிய தண்ணீர்

"ஏம்மா, குழாயைத் திறந்து விட்டுட்டு மறந்துடுறீங்களா?"

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் நான் கேட்ட கேள்வி இது. மாசாயில் உள்ள எங்கள் தெரஸ் வீட்டில் அம்மாவும் தம்பியும் மட்டும்தான் இருக்கிறார்கள். வழக்கமாக மாதம் 12 கன மீட்டர் ஓடும் வீட்டில் அந்த மாதம் 41 ஓடியிருந்தது. அம்மா பதில் எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் போனபோது வாசலில் மல்லிகைச் செடி வாடிக் கிடந்தது. அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் வாளியில் பிடித்து வைத்து, கழிவறைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த பில்லிலும் எண் இறங்கவில்லை.

உண்மையில், தண்ணீர் விஷயத்தில் சந்தேகப்படக்கூடாத ஆள் அவர். 2015 ஆகஸ்டில் சுங்கை லாயாங் அணையின் நீர்மட்டம் சரிந்து, மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது வாளி வாளியாகப் பிடித்து வைத்துப் பழகிய கை அவருடையது. அந்தக் கையைத்தான் நான் குறை சொல்லியிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

கூடுதலாக ஓடியது 29 கன மீட்டர், அதாவது 29,000 லிட்டர். நாளுக்கு ஆயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்குப் பிரித்தால் முக்கால் லிட்டர்கூட இல்லை. குழாயை இலேசாகத் திறந்தாலே அவ்வளவு வந்துவிடும். ஆனால் அது இரவு பகல் நிற்காமல் ஓட வேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அப்படி ஒரு குழாய் கண்ணில் படாமல் இருக்குமா? படவில்லை என்றால், அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் ஓட வேண்டும்.

பில் ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அளவு கூடக் கூட, ஒரு கன மீட்டருக்கான விலையும் கூடுகிறது. அதனால் கசியும் தண்ணீருக்கு நாம் கொடுப்பது மேல்படி விலை.

முதலில் மீட்டரிடம் கேளுங்கள்

அன்றிரவு வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, சலவை இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, கைப்பேசி விளக்கோடு மீட்டரைப் பார்க்கப் போனேன். பெரும்பாலான மீட்டர்களில் எண்களுக்கு அருகே சின்ன முக்கோணம் போலவோ நட்சத்திரம் போலவோ ஒரு சக்கரம் இருக்கும். தண்ணீர் கொஞ்சம் நகர்ந்தாலும் அது சுழலும். எங்கள் மீட்டரில் அது மெதுவாக, விடாமல் சுழன்றுகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் தரையை உடைக்கச் சொல்லிவிடக் கூடாது. கூரைத் தொட்டி உள்ள வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பாதைகள் உண்டு. மீட்டரிலிருந்து ஒரு குழாய் நேராகச் சமையலறைக்குப் போகிறது. இன்னொன்று கூரையில் உள்ள தொட்டிக்கு ஏறுகிறது. குளியலறை, கழிவறைக்குப் போவது தொட்டித் தண்ணீர். ஆகவே, தொட்டிக்கு ஏறும் வால்வை மூடிவிட்டு மீட்டரை மறுபடி பாருங்கள்.

சக்கரம் நின்றுவிட்டால் கோளாறு தொட்டிப் பக்கம் இருக்கிறது. மிதவை வால்வு பழுதாகி, தொட்டி நிரம்பி வழியலாம். கழிவறை ஃபிளஷ் தொட்டி ஒழுகலாம். ஃபிளஷ் தொட்டியைச் சோதிக்கச் செலவே இல்லை. கேக்கில் சேர்க்கும் வண்ணத்தில் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் திருடன் அங்கேதான்.

வால்வை மூடியும் சக்கரம் சுழன்றால், மீட்டரிலிருந்து வரும் நேர்க்குழாயில் கசிவு. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

மறுநாள் தரையை நிதானமாகப் பார்த்தபோது அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சமையலறை நிலைப்படி அருகே டைல்ஸ் இடுக்குகள் எப்போதும் கறுத்து ஈரமாக இருந்தன. சுவரின் அடியில் சாயம் கொப்பளித்திருந்தது. அங்கே இரண்டு டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தது. "மழைக்காலத்துல ஓதம் ஏறுதுன்னு நினைச்சுத் தொடைச்சுக்கிட்டே இருந்தேன்மா" என்றார் அம்மா.

உடைக்கச் சொன்னவரும் கேட்கச் சொன்னவரும்

முதலில் வந்த குத்தகையாளர் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. சமையலறைத் தரை முழுவதையும் உடைத்துப் புதுக்குழாய் போட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அம்மா மறுத்துவிட்டார். அந்த டைல்ஸ், அப்பா தம் இபிஎஃப் பணத்தை எடுத்துப் போட்டது. அப்பா இப்போது இல்லை.

இரண்டாவதாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு குழாய் வேலைக்காரர். "அண்ணே, எங்க உடைக்கணும்?" என்று கேட்டேன். "எங்க ஒழுகுதுன்னே தெரியாம எதுக்கும்மா உடைக்கணும்?" என்றார்.

சமையலறைக் குழாயின் இரு முனைகளையும் அடைத்து, ஒரு அழுத்தமானியைப் பொருத்தி, பம்பால் அழுத்தம் ஏற்றினார். முள் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஆக, கசிவு அந்த ஒரே குழாயில், தரைக்கு அடியில்தான்.

எந்த இடம் என்று பார்க்க இரவு பத்து மணிக்கு மறுபடி வந்தார். மின்விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தரையில் வைக்கும் ஒலிவாங்கியை அடிக்கு அடி நகர்த்திக்கொண்டே போனவர், நிலைப்படி அருகே நின்று, "நீங்க ரேடியோவுல இருக்கிறவங்கதானே? கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். தினமும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்பவள் நான். நிலையம் பிடிக்காத வானொலியில் வருமே ஓர் இரைச்சல், அதைப் போல மெல்லிய "ஸ்ஸ்ஸ்" சத்தம் அங்கே கேட்டது. ஓரடி தள்ளி வைத்தால் குறைந்தது. திரும்ப வைத்தால் கூடியது. மாதக்கணக்கில் அம்மாவின் காலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த முறை இரும்புக் குழாயில் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் குழாயில் சத்தம் அதிக தூரம் போகாது. அதற்கு வேறு வழி உண்டு. 95 விழுக்காடு நைட்ரஜனில் 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த, தீப்பற்றாத வாயுவைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். ஹைட்ரஜன் மிக நுண்ணியது என்பதால், காங்கிரீட்டையும் டைல்ஸ் இடுக்கையும் ஊடுருவி மேலே வரும். கருவி அதை முகர்ந்து இடத்தைக் காட்டும். வெப்பப் படக்கருவி சுடுநீர்க் குழாய்க்குத்தான் அதிகம் உதவும். நம் வீடுகளில் தரைக்கு அடியில் போவது பெரும்பாலும் பச்சைத் தண்ணீர்தான் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

குழாய்க்கும் பைபாஸ்

இடம் தெரிந்த பிறகும் அண்ணன் சுத்தியலை எடுக்கவில்லை. வீடு கட்டும்போது போட்ட அந்த இரும்புக் குழாய்க்கு முப்பது வயது. உள்ளிருந்தே துருப்பிடித்து மெலிந்திருக்கும். "இன்னைக்கு இந்த ஓட்டையை அடைச்சா, அடுத்த வருசம் பக்கத்துல இன்னொன்னு வரும்" என்றார். குழாய் புதிதாக இருந்து, ஓர் இணைப்பு மட்டும் விட்டிருந்தால் நாலு டைல்ஸை எடுத்து அந்தத் துண்டை மாற்றுவது சரி. குழாய் முழுவதுமே வயதாகிவிட்டால், அதை அப்படியே கைவிடுவதுதான் நல்லது.

இரு முனைகளையும் நிரந்தரமாக அடைத்துவிட்டு, புதுக் குழாயைக் கூரைச் சீலிங்குக்கு மேலே கொண்டு போய், சமையலறைச் சுவர் வழியாகக் கீழே இறக்கினார். ஒரு நாள் வேலை. முதலில் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. "பைபாஸ்" என்று அண்ணன் விளக்கியதும் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அவருக்கு நெஞ்சுல செஞ்சதுதானே" என்றார்.

தரை காய்ந்த பிறகு, மண் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, வெற்றிடமாக இருந்த இடத்தில் சிறு துளை வழியாகச் சிமெண்டுக் கரைசல் ஊற்றி நிரப்பினார். எங்கள் வீட்டில் அது போதுமானதாக இருந்தது. தரை இறங்கியிருந்தாலோ, சுவரில் விரிசல் அகன்றுகொண்டே போனாலோ, குழாய் வேலைக்காரர் போதாது, கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டும். ஈரச் சுவரில் மின் பிளக் இருந்தால் அந்த இணைப்பை உடனே நிறுத்திவிடுங்கள்.

யார் பொறுப்பு?

மீட்டருக்கு முன்னால் உள்ள குழாய் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. புகார் செய்தால் அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். மீட்டரைத் தாண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. நாட்டில் சுத்திகரித்து அனுப்பப்படும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கசிவு, திருட்டு போன்றவற்றால் வருமானமில்லா நீராகப் போகிறது என்று செய்திகளில் படிக்கிறோம். நம் வீட்டுத் தரைக்கு அடியில் ஒழுகுவது அந்தக் கணக்கில் சேராது. அதற்குத்தான் நாம் பணம் கட்டிவிடுகிறோமே!

வேலைக்கு ஆள் அழைக்கும்போது, தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி உள்ளவரா என்று கேளுங்கள். எந்தச் சோதனையில் கசிவைக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். தொகையை எழுத்தில் வாங்குங்கள். சோதிக்காமலே உடைக்கச் சொல்பவரிடம், "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

இன்றிரவு படுக்கப் போகுமுன் மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி ஒரு படம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை.

எங்கள் வீட்டில் அடுத்த முழு மாத பில் 13 கன மீட்டர் என்று வந்தது. அதை அம்மாவிடம் காட்டி, "உங்களைச் சொன்னது தப்பும்மா" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். "ஒண்ணு கூடியிருக்கே, அது மல்லிகைக்கு ஊத்தினது" என்றார்.