கல்லாப்பெட்டிக்குத் தெரிந்த ரசனை: சிற்றூர்த் திரையரங்குகளின் கணிப்பு

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் நடிகர்கள், இயக்குநர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் வரலாறாகவும், அவர்கள் வழியே தமிழக அரசியலின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முசிறியிலோ திருத்துறைப்பூண்டியிலோ வாழ்ந்த ஒருவர் எந்தப் படத்தை எந்த வாரத்தில் பார்த்தார், அது அவ்வூரில் மூன்று நாளில் எடுக்கப்பட்டதா மூன்று வாரம் நீடித்ததா என்பதை முடிவு செய்தவர் அந்த ஊர்த் திரையரங்கின் உரிமையாளர்தான். படத்தைப் பார்க்காமலும் சில வேளைகளில், பார்த்துப் பிடிக்காமற்போன பின்னும் சில வேளைகளில், 'இது நம்ம ஊரில் ஓடும்' என்று சொல்லிப் பணம் கட்டிய அவருடைய கணிப்பு, தமிழ் மக்களின் ரசனை பற்றிய மிகப் பழைய, மிகக் கூர்மையான அறிவுகளுள் ஒன்று. அந்த அறிவு எங்கும் எழுதப்படவில்லை என்பதே பெரிய குறை.

இந்தக் கணிப்பின் தன்மையை அறியத் தொழிலின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். தமிழ்நாட்டுத் திரைப்பட வணிகம் மாநிலத்தைச் சில 'ஏரியா'க்களாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. சென்னை நகரம், கோவை, சேலம் ஆகியவை தனித்தனி ஏரியாக்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு ஆகிய மூன்றும் சேர்ந்து 'என்.எஸ்.சி.', மதுரையும் ராமநாதபுரமும் 'எம்.ஆர்.', திருச்சியும் தஞ்சாவூரும் 'டி.டி.', திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் 'டி.கே.' என்று வழங்கும். அரசு ஆவணங்களில் இந்த மாவட்டங்கள் எத்தனையோ முறை பிரிக்கப்பட்டுவிட்டன. தொழில் மட்டும் பழைய எல்லைகளை விடவில்லை. ஒவ்வோர் ஏரியாவுக்குள்ளும் பெருநகரங்கள் 'ஏ சென்டர்' என்றும், வட்டத் தலைநகரங்களை ஒத்த நடுத்தர ஊர்கள் 'பி சென்டர்' என்றும், பேரூர்களும் பெரிய கிராமங்களும் 'சி சென்டர்' என்றும் அழைக்கப்பட்டன. தயாரிப்பாளரிடமிருந்து ஏரியா உரிமையை விநியோகஸ்தர் வாங்குவார். அவரிடமிருந்து தம் ஊருக்கான படத்தைத் திரையரங்கு உரிமையாளர் எடுப்பார்.

எடுக்கும் முறையில்தான் கணிப்பின் வேர் இருக்கிறது. நாள் வாடகையாக ஒரு தொகை பேசிக்கொள்வது ஒரு முறை. வசூலை விழுக்காட்டில் பங்கிட்டுக்கொள்ளும் 'ஷேர்' இன்னொன்று. முன்பணம் கட்டி, வசூலில் அது ஈடாகாவிட்டால் மீதியைத் திரும்பப் பெறும் 'அட்வான்ஸ்' மூன்றாவது. இவை எல்லாவற்றையும்விட உரிமையாளரின் தூக்கத்தைக் கெடுத்தது 'எம்.ஜி.' எனப்படும் மினிமம் கேரண்டி முறையாகும். இதில் ஒரு தொகையை உறுதியாகக் கட்டிவிட வேண்டும், படம் ஓடாவிட்டால் அத்தொகை திரும்பாது, அதைத் தாண்டி வசூலானால் மட்டும் மிகுதியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு எம்.ஜி. கட்டுவதற்காக வட்டிக்கு வாங்கியவர்களும் நிலத்தை அடகு வைத்தவர்களும் இத்தொழிலில் உண்டு. 2002-இல் வெளியான 'பாபா' எதிர்பார்த்தபடி ஓடாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களின் இழப்பை ஈடுசெய்தது இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம், அப்படித் திருப்பித் தருவது தொழிலின் வழக்கமன்று என்பதே. தம் கைப்பணம் போகும் என்ற நிலையில் செய்யப்படும் கணிப்புக்கும், பத்திரிகை விமர்சகர் எழுதும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கணிப்புக்குத் துணையாக இருந்தது கால இடைவெளி. படச்சுருள் இருந்த காலத்தில் ஒரு படத்துக்கு எடுக்கப்பட்ட பிரதிகள் குறைவு. பிரதி ஒவ்வொன்றுக்கும் செலவு அதிகம். எனவே படம் முதலில் ஏ சென்டர்களில் வெளியாகி, அங்கே ஓடி முடிந்த பிறகுதான், வாரங்களோ மாதங்களோ கழித்து, பி, சி சென்டர்களுக்கு வரும். தகரப் பெட்டிகளில் அடைத்த சுருள்கள் பேருந்திலும் ரயிலிலும் வந்ததால் 'பெட்டி வந்தாச்சா' என்பதே அக்காலத் திரையரங்குகளின் முதற்கேள்வியாக இருந்தது. ஒரே பிரதியை இரண்டு ஊர்கள் பகிர்ந்துகொண்டு, ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் அடுத்த ஊருக்கு அனுப்பிய வழக்கமும் இருந்தது. இந்தத் தாமதத்தைக் குறையாகவே பலரும் எண்ணுவர். உண்மையில் சிற்றூர் உரிமையாளருக்கு அதுவே பள்ளிக்கூடம். அவர் மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று, படம் ஓடும் அரங்கில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, திரையைக் காட்டிலும் அதிகமாகத் தம்மைச் சுற்றியிருந்தவர்களைக் கவனித்து, எந்த இடத்தில் கைதட்டல் எழுந்தது, எந்தப் பாட்டுக்கு ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள் என்பதை மனத்தில் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

இந்தக் கணிப்புக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படச்சுருளையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். எந்த ஊரில் எத்தனை நாள் கூடாரத்தை வைத்திருப்பது, எப்போது பிரிப்பது என்ற முடிவை எடுத்த அன்றே இக்கணிப்பு பிறந்துவிட்டது எனலாம். பேசும் படங்கள் வந்தபின் பெருகிய 'டூரிங் டாக்கீஸ்'கள் தற்காலிக உரிமத்தில் இயங்கியவை. மணல் தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்புகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஒரு குட்டைச் சுவர். ஒரே கருவி என்பதால் சுருள் மாற்ற ஒன்றுக்கு மேற்பட்ட இடைவேளைகள். அந்தி சாய்ந்து ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு கேட்டால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் காட்சி தொடங்கப்போகிறது என்று பொருள்.

உரிமையாளர் முதலில் கணித்தது படத்தையன்று, ஊரின் கையில் பணம் இருக்கும் நாளை. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் ஓடும் படம், நடவுக்கு விதைநெல் தேடும் நாள்களில் ஓடாது. திருப்பூரில் வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வருவதால் அன்றிரவும் ஞாயிறும் அரங்கு நிறையும். கிழக்குக் கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆட்கள் ஊரில் இருப்பார்கள், பணம் இராது. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் குடும்பங்கள் வீட்டை விட்டு நகர்வதில்லை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது அம்மன் படம் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. பக்கத்து ஊரில் திருவிழா என்றால் அன்றிரவு இரண்டாம் காட்சிக்குக் கூட்டம் வருமா, அல்லது திருவிழாவே கூட்டத்தை விழுங்கிவிடுமா என்பது அந்தந்த ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த நுட்பம்.

படம் திரையிடப்பட்டபின் கணிப்பு வேறு வடிவம் எடுக்கிறது. முதல் மூன்று நாள் கூட்டத்தைத் தொழிலில் 'ஓபனிங்' என்பர். அது நடிகரின் பெயருக்கும் சுவரொட்டிக்கும் வந்த கூட்டம் என்பதால் அனுபவமுள்ள உரிமையாளர் அதை நம்புவதில்லை. அவர் காத்திருப்பது 'டாக்' எனப்படும் வாய்மொழிப் பேச்சுக்கு. அதை அவர் அறியும் இடம் இடைவேளை. கேன்டீனில் வடையும் தேநீரும் வாங்கிய கையோடு மணி அடிப்பதற்கு முன்பே உள்ளே திரும்புகிறவர்கள் பலராக இருந்தால் படம் பிடித்திருக்கிறது என்றும், வாசலில் நின்று புகைத்துக்கொண்டே படம் தொடங்கிய பின்னும் பேசிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை என்றும், சைக்கிள் நிறுத்தத்தில் வண்டி எடுக்கும் ஓசை கேட்டுவிட்டால் அடுத்த படத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றும் அவர் அறிந்திருந்தார். முதல் நாள் நண்பர்களோடு வந்த இளைஞன் மூன்றாம் நாள் தாயையும் தங்கையையும் அழைத்து வருகிறானா என்பது அடுத்த அடையாளம். பெண்கள் வரிசை நீளத் தொடங்கிய படத்துக்கு விளம்பரங்களில் 'தாய்மார்களின் பேராதரவு' என்ற வாசகம் ஏறியதற்கு இதுவே அடிப்படை. முடிவான தேர்வு திங்கட்கிழமைப் பகற்காட்சி. வேலை நாளில், வெயிலில், வேறு வேலையை விட்டுவிட்டு வருகிறவர் படத்துக்காக மட்டுமே வருகிறார்.

இந்தக் கணிப்பு தவறியதே இல்லை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பாகும். பெரும்பாலும் புதுமுகங்கள் நடித்து 1980-இல் வந்த 'ஒரு தலை ராகம்' தொடக்க நாள்களில் காலி இருக்கைகளுக்கு முன்னே ஓடி, பின்னர் வாய்மொழியால் மட்டுமே பெருவெற்றி பெற்றது. வாங்க ஆளின்றி நெடுநாள் கிடந்த 'சேது', 1999 டிசம்பரில் மிகச் சில அரங்குகளில் வெளியாகி, பேச்சு பரவியபின் அரங்குகளைத் தானே தேடிக்கொண்டது. இரண்டிலும் கணித்தவர்கள் தவறினார்கள். ஆனால் பிழையைத் திருத்திக்கொள்ள இடமும் காலமும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லா நிறையாத முதல் வாரத்துக்குப் பிறகும் படத்தை அரங்கிலிருந்து தூக்காமல் விட்டுவைத்தவர்களால்தான் 'ஒரு தலை ராகம்' பிழைத்தது.

'சி சென்டர் படம்' என்ற சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது நியாயமற்றது. சாண்டோ சின்னப்பா தேவரின் படங்களில் யானையும் ஆடும் நடித்ததையும், இராம. நாராயணன் பாம்பையும் குரங்கையும் அம்மனையும் வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்ததையும் நகரத்து விமர்சகர்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் குழந்தையும் பாட்டியும் சேர்ந்து பார்க்கக்கூடிய படம் என்பது சிற்றூர் அரங்கின் முதல் தேவை. ஏனெனில் அங்கே டிக்கெட் தனி ஆளாக விற்கவில்லை, வண்டி கட்டி வரும் குடும்பமாக விற்றது. 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியதற்கும், எம்.ஜி.ஆர். படங்கள் எத்தனை முறை திரும்ப வந்தாலும் கல்லாவை ஏமாற்றாததற்கும் இதே காரணம் பொருந்தும். புதுப்படம் கையைக் கடித்தால் ஓர் எம்.ஜி.ஆர். படத்தைப் போட்டு அந்த வாரத்தைச் சரிக்கட்டுவது பல ஊர்களில் ஒரு காப்பீடாகவே இருந்தது.

இத்தனை அறிவுக்கும் எஞ்சியுள்ள முதன்மையான எழுத்துச் சான்று ஒன்று உண்டு. அது 'டி.சி.ஆர்.' எனச் சுருக்கமாக வழங்கும் அன்றாட வசூல் அறிக்கை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் தொடங்கிய டிக்கெட் எண், முடிந்த எண், விற்றவை எத்தனை, மொத்த வசூல், கேளிக்கை வரி, நிகரத் தொகை என்று கட்டம் கட்டமாக அதில் எழுதப்படும். விநியோகஸ்தர் அனுப்பும் 'ரெப்' என்ற பிரதிநிதி வாசலில் இருந்து எண்ணிப் பார்த்து அதில் கையெழுத்திடுவார். தரை டிக்கெட் எண்ணிக்கை ஏறி நாற்காலி எண்ணிக்கை இறங்கிய ஒரு தாள், அந்த இரவில் அவ்வூரின் எந்தத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்பதைக்கூடச் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் இத்தகைய அறிவு எழுத்தில் பதிய வேறொரு வாய்ப்புக் கிடைத்தது. சிகாகோவிலிருந்து வெளிவந்த 'எக்சிபிட்டர்ஸ் ஹெரால்டு' என்ற தொழில் இதழ், 1916-இல், 'இந்தப் படம் எனக்கு என்ன செய்தது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பகுதியைத் தொடங்கியது. சிற்றூர் அரங்க உரிமையாளர்கள் தாம் திரையிட்ட படம் கூட்டம் சேர்த்ததா இல்லையா, மழை பெய்ததா, ஊர் எத்தகையது என்று இரண்டு மூன்று வரிகளில் எழுதி அனுப்ப, அவை வாரந்தோறும் அச்சாயின. அந்தப் பக்கங்களை இன்று எவரும் இணையத்தில் படிக்க முடியும். வரலாற்றாசிரியர்கள் படித்துக்கொண்டும் இருக்கிறார்கள். கிராமத்து மக்கள் கிராமத்துக் கதைகளை ஒதுக்குகிறார்கள் என்று 1935-இல் 'வெரைட்டி' இதழ் தலைப்புச் செய்தி வெளியிட்டபோது, அதற்கு ஆதாரமாக நின்றவையும் சிற்றூர் அரங்குகளின் அனுபவங்களே. தமிழில் அப்படி ஓர் இதழ்ப் பகுதி வேர்கொண்டிருந்தால் நம் ரசனையின் வரலாறு இவ்வளவு ஊகமாக இருந்திராது.

இன்று அந்தக் கணிப்புக்கு இடம் குறைந்துவிட்டது. படச்சுருளை அகற்றிய டிஜிட்டல் முறையில் படம் எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் வெளியாகிறது. பெட்டிக்குப் பதில் படத்தைத் திறக்கும் 'கே.டி.எம்.' என்ற மின்சாவி வந்ததா என்று கேட்கிறார்கள். ஊர் தாண்டிச் சென்று பார்த்து வர நேரமில்லை. ஓபனிங்கிலேயே போட்ட பணத்தை எடுக்க வேண்டியிருப்பதால் டாக் பரவும்வரை காத்திருக்க முடிவதில்லை. நான்கு வாரத்தில் ஓ.டி.டி. தளத்துக்குப் படம் வந்துவிடும் என்று தெரிந்த குடும்பம் அரங்குக்கு வரத் தயங்குகிறது. இந்த இடைவெளியை எட்டு வாரமாக்க வேண்டும் என்ற திரையரங்கு உரிமையாளர்களின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. 2020 மார்ச்சில் மூடப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் திறக்கப்பட்ட அரங்குகளுள் சிற்றூர்களில் இருந்தவை பட்ட பாடு பெரிது. ஆயினும் பழைய அறிவு முழுவதும் அழிந்துவிடவில்லை என்பதை, 2024 ஏப்ரலில் புதுப்படங்கள் இல்லாத வேளையில் மீண்டும் திரையிடப்பட்ட 'கில்லி' பெற்ற கூட்டம் காட்டியது, ஓர் எம்.ஜி.ஆர். படத்தைப் போட்டு வாரத்தைச் சரிக்கட்டிய அதே உத்திதான் அது.

மூடப்பட்ட அரங்குகள் திருமண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறும்போது முதலில் போவது அந்த வசூல் தாள்கள்தான். அவை எடைக்குப் போகின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும் பாதுகாத்துவருகின்றன. அவற்றோடு சேர வேண்டியவை டி.சி.ஆர். கட்டுகளும், ஒப்பந்தத் தாள்களும், உரிமையாளர் தம் கைப்பட எழுதிய குறிப்பேடுகளும். தாத்தாவோ தந்தையோ திரையரங்கு நடத்திய வீடுகளில் பரண்மேல் அப்படி ஒரு கட்டு இருக்குமானால், பழைய தாள் வியாபாரி வருவதற்குள் அதை இறக்கி, தூசு தட்டி, ஒரு நூலகத்துக்குத் தெரிவியுங்கள்.