புரோகிராம் எழுதும் புரோகிராம்!

வீட்டில் உங்கள் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் என்ன செய்வீர்கள்? ரீஸ்டார்ட் செய்துவிட்டு வேலையைத் தொடர்வீர்கள். ஆனால் பாட்டில்களை நிரப்பும் இயந்திரத்தை இயக்கும் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டால்? அதனால்தான் தொழிற்சாலைகளில் பி.எல்.சி. எனப்படும் வேறு வகைக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகின்றனர். புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர் என்பதன் சுருக்கமே இது.

பி.எல்.சி. பிறந்த கதை

1968ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு ஒரு பிரச்சினை இருந்தது. காரின் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களில் வயர்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக டிக் மார்லியின் குழுவினர் மோடிகான் 084 என்ற கருவியை உருவாக்கினர். இது அவர்களின் 84ஆவது புராஜெக்ட் என்பதால் இந்தப் பெயர். அதன் பிறகு வயரை மாற்ற வேண்டியதில்லை, புரோகிராமை மாற்றினால் போதும் என்ற நிலை வந்தது.

பி.எல்.சி. மூன்று வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. சென்சார்களைப் படிக்கிறது, புரோகிராமை இயக்குகிறது, மோட்டார், வால்வு போன்றவற்றுக்குக் கட்டளை அனுப்புகிறது. இந்த ஒரு சுற்று பெரும்பாலும் சில மில்லி செகண்டுகளில் முடிந்துவிடும்.

தானாக எழுதுவது எப்படி?

ஒரே மாதிரியான நூறு மோட்டார்களுக்கு நூறு முறை புரோகிராம் எழுதுவது சலிப்பான வேலை. எனவே அதையும் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுகின்றனர். இதில் மூன்று வழிகள் உண்டு.

1. மோட்டார், சென்சார் பட்டியலை எக்ஸெல்லில் தயாரித்து, ஒரு மாதிரி புரோகிராமில் பெயர்களை மட்டும் மாற்றி நிரப்புவது.

2. இயந்திரம் செயல்படும் விதத்தைப் படமாக வரைந்து, அதிலிருந்து புரோகிராமைப் பெறுவது. 2010ல் வெளியான சிமுலிங்க் பி.எல்.சி. கோடர் இவ்வகை.

3. தேவையைச் சாதாரண வாக்கியத்தில் சொல்லி, செயற்கை நுண்ணறிவை எழுத வைப்பது. சீமென்ஸும் மைக்ரோசாஃப்டும் 2023ல் இதற்கான உதவியாளரை அறிவித்தன.

ஒரு வயர் சொன்ன பாடம்

ஒரு தொழிற்சாலையில் 12 தண்ணீர் பம்ப்புகளுக்கு முதல் முறையில் நான் புரோகிராம் தயாரித்தேன். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. எனக்கோ ஒரே பெருமை! சில வாரங்கள் கழித்து ஒரு பம்ப் தண்ணீரே இல்லாமல் ஓடி, அதன் சீல் கருகிவிட்டது.

காரணம் இதுதான். தண்ணீர் தீர்ந்தால் சிக்னல் '1' வரும் என்று மாதிரியை அமைத்திருந்தேன், வயரிங்கும் அப்படியே இருந்தது. சென்சார் வயர் அறுந்தபோது சிக்னல் '0' ஆனது. 'தண்ணீர் இருக்கிறது' என்று பி.எல்.சி. நம்பிவிட்டது. தண்ணீர் இருந்தால் '1' என்று அமைத்திருந்தால், வயர் அறுந்ததும் பம்ப் தானாகவே நின்றிருக்கும். அந்த ஒரு தவறு மற்ற 11 பம்ப்புகளிலும் அப்படியே இருந்தது. தானியங்கி முறை நம் நேரத்தை மிச்சப்படுத்தும், நம் தவறையும் சேர்த்தே நகலெடுக்கும்!

அன்றிலிருந்து ஒவ்வொரு சென்சார் வயரையும் கழற்றிப் பார்த்துச் சோதிக்காமல் நான் எந்தப் புரோகிராமையும் ஒப்படைப்பதில்லை. ஆட்கள் அருகில் நிற்கும் இயந்திரமாக இருந்தால் இழப்பு ஒரு சீலோடு முடிந்திருக்காது. அவசர நிறுத்தப் பட்டனை இதுபோன்ற சாதாரண புரோகிராமை நம்பி விடாமல், அதற்கெனத் தனிப் பாதுகாப்புச் சுற்று அமைப்பதும் இதனால்தான்.

நீங்களும் முயற்சிக்கலாம்

ஓப்பன் பி.எல்.சி. எடிட்டர் என்ற இலவச சாஃப்ட்வேர் விண்டோஸில் இயங்கும். இதில் லேடர் படம் வரைந்து, கருவி எதுவும் இல்லாமலேயே சிமுலேஷனில் இயக்கிப் பார்க்கலாம். உங்கள் வீட்டு மாடித் தொட்டிக்கு ஒரு புரோகிராம் எழுதிப் பாருங்கள். 'வயர் அறுந்தால் என்ன ஆகும்?' என்ற கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள். உண்மையான மோட்டாரை மட்டும் இப்போதைக்கு இணைக்க வேண்டாம்!