சாலை மிதிவண்டிப் பந்தய வீரர்களை வரிசைப்படுத்தல்

சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் எக்காலத்திற்கும் சிறந்த வீரர் யார் என்பதைக் கூறும் அதிகாரப்பூர்வப் பட்டியல் எதுவும் இல்லை. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் தரவரிசை அண்மைய 52 வாரப் புள்ளிகளை மட்டுமே கணக்கிடுவதால், வெவ்வேறு காலத்தவரை ஒப்பிட அது உதவாது. ஆகவே மூன்று வாரம் நடைபெறும் பெரும் சுற்றுகள் (டூர் டி பிரான்சு, ஜிரோ டி இத்தாலியா, வுவெல்டா), மிலான்–சான் ரெமோ, பாரிசு–ரூபே உள்ளிட்ட ஐந்து தொன்மையான ஒருநாள் பந்தயங்கள், உலக வாகையர் பட்டம் ஆகியவற்றின் வெற்றிகளே அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

இவற்றுள் எதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதில்தான் சிக்கல். எசுப்பானியாவின் மிகுவேல் இந்துராயின் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூரை வென்றார். ஆனால் அந்த ஐந்து ஒருநாள் பந்தயங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. பெல்சியத்தின் ரோசர் டி விலாமிங்க் அவற்றில் 11 வெற்றிகள் பெற்றார். டூர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. மலையேற ஒல்லியான உடல் வேண்டும். கல் பாவிய சாலைகளில் விரைய உடல் வலு வேண்டும். ஒருவரிடம் இரண்டும் அமைவது அரிது.

எடி மெர்க்சு (பெல்சியம், பிறப்பு 1945) பெரும்பாலான பட்டியல்களில் முதலிடம் பெறுவதற்கு இதுவே காரணம். பெரும் சுற்றுகளில் 11, அந்த ஒருநாள் பந்தயங்களில் 19, உலகப் பட்டம் 3 என எல்லா வகையிலும் அவர் வென்றார். 1969 டூரில் ஒட்டுமொத்தப் பட்டத்துடன் புள்ளிப் பட்டத்தையும் மலையேற்றப் பட்டத்தையும் அவரே பெற்றார். இரண்டாமவர் ஏறத்தாழ 18 நிமிடம் பின்தங்கினார். பத்துப் பெரும் சுற்றுகளை வென்ற பிரான்சின் பெர்னார்டு இனால்ட் அவருக்கு அடுத்து வைக்கத் தக்கவர்.

வெற்றிகளை எண்ணுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் லான்சு ஆம்சுட்ராங் 1999–2005 காலத்தில் பெற்ற ஏழு டூர் பட்டங்களும் ஊக்கமருந்துப் பயன்பாட்டிற்காக 2012இல் பறிக்கப்பட்டன. அவை வேறு எவருக்கும் வழங்கப்படவில்லை. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் பெயர் இன்றும் வெற்றிடமாகவே உள்ளது. மெர்க்சே 1969 ஜிரோவில் முன்னிலையில் இருந்தபோது சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டார்; அக்குற்றச்சாட்டை அவர் மறுத்தார். டூரில் ஊக்கமருந்துச் சோதனை தொடங்கியதே 1966இல்தான் என்பதால், அதற்கு முந்தைய வீரர்களைத் தூய்மையானவர்கள் என்று கொள்ளவும் வழியில்லை. அக்கால வீரர்களை இன்றைய அளவுகோலால் மட்டும் நீக்குவது நேர்மையாகாது.

மகளிர் பந்தயங்களைப் பெரும்பாலான பட்டியல்கள் கண்டுகொள்வதில்லை. நெதர்லாந்தின் மரியானே வோசு சாலைப் பந்தயத்தில் மூன்று உலகப் பட்டங்களும் 2012 ஒலிம்பிக் தங்கமும் வென்றவர். ஆனால் மகளிர் டூர் இன்றைய வடிவில் தொடங்கியது 2022இல்தான். அவரது சிறந்த ஆண்டுகளில் டூர் பட்டம் என்ற வாய்ப்பே இருக்கவில்லை.

தற்போது மெர்க்சுடன் ஒப்பிடப்படுபவர் சுலோவீனியாவின் ததேய் பொகாச்சர் (பிறப்பு 1998). ஜிரோ, டூர், உலகப் பட்டம் மூன்றையும் ஒரே ஆண்டில் (2024) வென்ற மூன்றாவது ஆண் வீரர் இவர். முன்னிருவர் மெர்க்சும் (1974) அயர்லாந்தின் சுடீபன் ரோச்சும் (1987) ஆவர். 2025 முடிவில் பொகாச்சரின் கணக்கில் ஐந்து பெரும் சுற்றுகளும் பத்து தொன்மையான ஒருநாள் வெற்றிகளும் இருந்தன. அப்போது அவருக்கு வயது 27.